மலைச் சைக்கிளுக்காக ஊர் மாறலாமா? மாறியவர்களின் அனுபவங்கள்

ஸ்காபரோ, ஒன்ராறியோவிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் சில மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை இங்கே வைக்கிறேன். நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன்; மனைவி மருந்தாளர்; பிள்ளைகள் இருவரும் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது டொன் பள்ளத்தாக்கின் குரோதர்ஸ் வூட்ஸ் பாதைகளிலும், வார இறுதிகளில் டர்ஹம் காட்டிலும் மலைச் சைக்கிள் ஓடுகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு விடுமுறையில் போய்த் திரும்பினால், இங்குள்ள மேடுகள் எல்லாம் பல வாரங்களுக்கு வேகத்தடைகள் போலவே தெரிகின்றன. ஒன்ராறியோவில் நாம் மலை என்று பெருமையாகச் சொல்லும் புளூ மவுண்டனின் இறக்கத்தின் உயரம் ஏறத்தாழ 220 மீட்டர்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் விசிலரில் மலையுச்சியிலிருந்து கிராமம் வரை இறங்கினால் அது 1,500 மீட்டரை எட்டுகிறது.

அதே மாகாணத்திலுள்ள ஸ்குவாமிஷுக்குக் குடிபெயர்வதா, வேலை அமைந்தால் அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்திலுள்ள பென்டன்விலுக்குப் போவதா, அல்லது இருக்கும் இடத்திலேயே இருந்துவிடுவதா என்று யோசிக்கிறோம். போகலாம், போக வேண்டாம் என்ற அறிவுரை எங்கள் உறவினர்களிடமே தாராளமாகக் கிடைக்கிறது. அங்கே போய் வாழ்ந்தவர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

ஸ்குவாமிஷ், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து

தம்பிக்கு வணக்கம். நாங்கள் பிரம்டனிலிருந்து இங்கே வந்தவர்கள். என் கணவர் சைக்கிள் ஓடுவதில்லை. நானும் மகனும்தான் ஓடுகிறோம்.

இங்கே வந்ததால் எனக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், செவ்வாய்க்கிழமை கிடைத்தது என்பேன். பிரம்டனில் இருந்தபோது மலைச் சைக்கிள் என்பது சனிக்கிழமைக்குரிய ஒரு பயணமாகவே இருந்தது. காரின் பின்னால் தாங்கியைப் பூட்டி, நெடுஞ்சாலை நெரிசலில் போய், காட்டுக்குள் சிறிது நேரம் ஓடிவிட்டு வீடு திரும்பும்போது பகல் போய்விடும். வீட்டில் இருப்பவர்களின் முகமும் கொஞ்சம் மாறியிருக்கும். இங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கிறது. வேலை முடிந்ததும் வாசலிலிருந்தே புறப்பட்டு, லெகசி கிளைம்ப் என்ற ஏறுபாதையில் மேலே போய், ஹாஃப் நெல்சனில் இறங்கி, பிள்ளைகள் படுக்கைக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட முடிகிறது. வார இறுதி முழுவதும் குடும்பத்துக்கு மிஞ்சுகிறது. சைக்கிள் ஓடாத என் கணவர் இந்த ஊரைப் பொறுத்துக்கொண்டதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து நவம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அதன் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் விழுகிறது. விடுமுறைக்கு ஜூலையில் வருபவர்கள் பார்க்கும் ஊரும் இந்த ஊரும் வேறு. முதல் மழைக்காலத்தில் ஒரு நாள், நீண்ட இறக்கத்தின் நடுவில் பின் பிரேக்கின் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கூடவே இரும்பை இரும்பு அரைக்கும் சத்தமும் கேட்டது. ஒன்ராறியோவில் ஒரு பருவம் முழுவதும் தாக்குப்பிடித்த அதே வகை ரெசின் (பிசின்) பிரேக் பட்டைகள், கருங்கல் துகள் கலந்த சேற்றில் அந்த ஒரே ஓட்டத்தில் தேய்ந்து, பின்தகடு வெளியே வந்திருந்தது. சைக்கிள் கடையில் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த இளைஞர் சற்றும் வியப்படையாமல், உலோகம் கலந்த பட்டைகளின் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைத் திணித்துக் காய வைப்பதும், ஈர வேர்களின் மேல் பிரேக் பிடிக்காமல் உருண்டு போகப் பழகுவதும் அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு வந்தன. கோடையின் கடைசியில் காட்டுத்தீப் புகையால் ஓட முடியாமல் போகும் நாட்களும் உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை ஸ்குவாமிஷ் மலிவான ஊர் என்று யாராவது சொன்னால், அவர் இங்கே வந்து பல காலம் ஆகிவிட்டது என்று பொருள். 2010 குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு வன்கூவரிலிருந்து இந்த ஊர் வழியாக விசிலருக்குப் போகும் 99ஆம் இலக்க நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். அதன் பிறகு வன்கூவரில் வேலை செய்பவர்களும் இங்கே வீடு வாங்கத் தொடங்கினார்கள். தனி வீட்டின் விலை பத்து லட்சம் டொலரை எப்போதோ தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டில் இருக்கும் பஞ்சாபிப் பெரியவர் வூட்ஃபைபர் காகிதக்கூழ் ஆலையில் வேலை செய்தவர். அந்த ஆலை 2006இல் மூடப்பட்டது. மாலையில் நான் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருமுறை அவர் அதன் விலையைக் கேட்டார். சொன்னேன். தான் ஆலையில் சேர்ந்த காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாம் என்றார். பிறகு, எங்களைப் போன்றவர்கள் வந்ததால் தன் வீட்டின் விலை ஏறியது உண்மை, அதே காரணத்தால் தன் மகன் ஊரை விட்டுப் போனதும் உண்மை என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதற்குப் பதில் சொல்ல எனக்கும் எதுவும் இல்லை.

ஊருக்குள் இடம் கிடைப்பதற்கு நான் கண்ட வழி, பாதை திருத்தும் நாட்களில் மண்வெட்டியைத் தூக்குவதுதான். இங்குள்ள சைக்கிள் பாதைகளை சோர்கா என்ற உள்ளூர்ச் சங்கம் பராமரிக்கிறது. சந்தா கட்டுவதோடு நின்றுவிடாமல், மழைநீர் தேங்கும் வளைவில் வாய்க்கால் வெட்டப் போனபோதுதான் என் பெயரைக் கேட்டார்கள். நெடுஞ்சாலை விபத்தால் மூடப்பட்டால் வன்கூவருக்கு வசதியான மாற்றுவழி கிடையாது என்பதையும், முருகன் கோயிலுக்கு ரிச்மண்ட் வரைக்கும் போக வேண்டும் என்பதையும் மனைவிக்குச் சொல்லிவிடுங்கள்.

பென்டன்வில், ஆர்கன்சாவிலிருந்து

வணக்கம் நண்பரே. கோயம்புத்தூரைச் சேர்ந்த நான் தகவல் தொழில்நுட்ப வேலைக்காக இங்கே வந்தேன். மவுண்டன் பைக் பழக்கம் இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. ஆகவே என் கதை உங்கள் கதைக்கு நேர் எதிரானது.

இந்த ஊரில் டிரெயில்கள் தானாக வளரவில்லை, திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனின் பேரன்கள் டாம், ஸ்டூவர்ட் இருவருக்கும் சைக்கிள் மேல் இருந்த ஆர்வமும், வால்டன் குடும்ப அறக்கட்டளையின் பணமும் சேர்ந்து, 2007 வாக்கில் ஸ்லாட்டர் பென் டிரெயில்களில் தொடங்கிய வேலை இன்று ஊரைச் சுற்றிலும் பரவியிருக்கிறது. 2010இல் சுமார் 35,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்போது 54,000 பேர் இருந்தார்கள். அதே 2020இன் இறுதியில், வெளியூரிலிருந்து இந்த வட்டாரத்துக்குக் குடிவரும் தொலைநிலைப் பணியாளர்களுக்கு 10,000 டாலரும் ஒரு சைக்கிளும் தருவதாக அறிவித்தார்கள். 2024 மே மாதத்தில் வால்மார்ட் தன் டல்லாஸ், அட்லாண்டா, டொராண்டோ அலுவலகப் பணியாளர்களில் பெரும்பாலோரை இங்குள்ள தலைமையகம் உள்ளிட்ட பெரிய அலுவலகங்களுக்கு இடம் மாறச் சொன்னபோது, அவர்களில் சிலர் மூலம் உங்கள் ஊர்ப் பேச்சும் எங்கள் காதுக்கு வந்தது.

வசதி என்று பார்த்தால் இதற்கு இணை சொல்வது கடினம். நகர மையத்திலிருந்து காரைத் தொடாமலேயே கோலர் டிரெயில்களுக்குப் போய்விடலாம். அங்கே காட்டுக்குள் இருக்கும் காபிக் கடைக்கு நடந்தோ சைக்கிளிலோ மட்டுமே போக முடியும். ஆனால் விசிலரை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே இருப்பவை மலைகள் அல்ல, குன்றுகள். எவ்வளவு அழகாகச் செதுக்கப்பட்ட இறக்கமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், மீண்டும் மிதித்து ஏற வேண்டும். மண்ணில் கத்தி போன்ற சக்கிமுக்கிக் கற்கள் கிடக்கின்றன. டயரின் பக்கச்சுவர் கிழிந்து, சீலன்ட் (டயருக்குள் இருக்கும், துளையை அடைக்கும் திரவம்) முழுவதும் என் காலில் பீய்ச்சியடித்த பிறகு தடித்த டயருக்கு மாறிவிட்டேன்.

நான் சந்தித்தவற்றில் மிகவும் விசித்திரமானது உண்ணி சம்பந்தப்பட்டது. எங்களோடு சைக்கிள் ஓட்டும் தமிழ் நண்பர் ஒருவருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி சாப்பிட்ட சில மணி நேரத்தில், நள்ளிரவில், உடலெங்கும் தடிப்பு ஏறி மூச்சுத் திணறியது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தப் பரிசோதனையில் ஆல்ஃபா-கால் என்ற ஒவ்வாமை என்று தெரிந்தது. லோன் ஸ்டார் என்ற வகை உண்ணி கடித்தால் ஆடு, மாடு, பன்றி இறைச்சி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. ஆர்கன்சா அந்த உண்ணி அதிகமாக உள்ள மாநிலங்களில் ஒன்று. கோழியும் மீனும் சாப்பிடலாம் என்று மருத்துவர் ஆறுதல் சொன்னார். தீபாவளிக்கு ஆட்டுக்கறி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது நாங்கள் எல்லோரும் சவாரி முடிந்ததும் காலுறையைக் கழற்றி, முழங்காலின் பின்புறம் வரை தடவிப் பார்த்த பிறகே காரில் ஏறுகிறோம்.

விசா விஷயத்தை டிரெயில் வரைபடத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கனடியக் குடிமக்களான நீங்கள், பட்டியலிட்ட சில தொழில்களுக்குத் தரப்படும் டிஎன் என்ற பணி அனுமதியில் வரலாம். ஆனால் அதைச் சார்ந்து டிடி என்ற குடும்ப அனுமதியில் வரும் துணைவர் இங்கே வேலை செய்ய முடியாது. உங்கள் மனைவிக்குத் தனியாக டிஎன் கிடைக்க வழியுண்டு, மருந்தாளர் பணி அந்தப் பட்டியலில் இருக்கிறது; எனினும் மாநில உரிமத்துக்கான தேர்வுகளை அவர் முதலில் முடித்தாக வேண்டும். கிரீன் கார்டு வரிசை குடியுரிமையைப் பார்க்காமல் பிறந்த நாட்டைப் பார்க்கிறது. நீங்கள் இலங்கையில் பிறந்தவராக இருந்தால், எங்களைப் போல் இந்திய வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதில்லை.

ரொட்டோருவா, நியூசிலாந்திலிருந்து

நீங்கள் கேட்ட ஊர்களில் இது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நான் செவிலியர். ஆக்லாந்திலிருந்து இங்கே மாறி வந்தபோது எனக்கு வேலையைப் பற்றிய கவலையே எழவில்லை, ஏனென்றால் மருத்துவமனை எல்லா ஊரிலும் இருக்கிறது. அதே ஊருக்கு வர விரும்பிய என் சைக்கிள் தோழி, வங்கித் தலைமையகத்தில் வேலை செய்பவர், இன்னும் ஆக்லாந்தில்தான் இருக்கிறார்.

வகரேவரேவா காட்டின் மண் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்தது. மழைத் தண்ணீர் அதில் நிற்காது. முந்தைய இரவு கொட்டித் தீர்த்திருந்தாலும் காலையில் ஓட்டலாம். ஆனால் அது மரம் வெட்டுவதற்காகவே வளர்க்கப்படும் காடு என்பதை மறந்துவிடக் கூடாது. நான் அதிகம் விரும்பிய ஒரு பாதையின் முகப்பில் ஒரு நாள் தடுப்பு வைத்திருந்தார்கள்; அறுவடை முடிந்து நான் மறுபடியும் போனபோது நிழலே இல்லாத வெட்டவெளிச் சரிவாக அது மாறியிருந்தது. அந்த ஒரு பாதையின் அருகில் வீடு பார்த்து வந்த தம்பதியரில் ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். அவரிடம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

ஹமில்டன், ஒன்ராறியோவிலிருந்து

நான் வட வன்கூவரில் இருந்துவிட்டு இங்கே திரும்பி வந்தவன். ஃபுரோம் மலையின் பழைய பாதைகளில், தேவதாருக்களுக்கு நடுவே மரப்பலகைகளை அடுக்கிக் கட்டிய ஒடுங்கிய பாலங்களின் மேல் ஓடிப் பழகியவனுக்கு நயாகரா விளிம்புச் சரிவு போதுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் திரும்பியதற்குப் பாதைகளோடு தொடர்பில்லை. ரொறன்ரோவுக்கும் அங்கே உள்ள நேரத்துக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது, நான் மலைமேல் கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்து பார்த்தபோது தங்கையின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. அன்றைய கடைசி விமானம் போய்விட்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு மருத்துவச் சந்திப்புக்கும் தங்கை தனியாகவே விடுப்பு எடுத்தாள்; ஒருமுறைகூட அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

உங்கள் இரு பக்கப் பெற்றோரும் ஸ்காபரோவில் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், யார் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதை வீட்டு விலையைப் பார்ப்பதற்கு முன் உடன்பிறந்தவர்களோடு வெளிப்படையாகப் பேசுங்கள். என் நண்பர்களில் நிலைத்து நின்றவர்கள் பெரும்பாலும் பெற்றோரையும் கூட்டிச் சென்றவர்கள், அல்லது அந்தக் கடமை இன்னும் வந்து சேராதவர்கள்.

ஸ்காபரோ, ஒன்ராறியோவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஹமில்டன் அண்ணை கேட்டதற்குப் பதில்: மனைவியின் அம்மா எங்களோடுதான் இருக்கிறார், எங்களோடு வருவதற்கும் சம்மதிப்பார். பென்டன்விலை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறோம்; மனைவியின் வேலையை நிறுத்தி வைத்துவிட்டுப் போக இருவருக்கும் விருப்பமில்லை. ஸ்குவாமிஷ் அக்காவிடம் ஒரு கேள்வி: வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பார்க்க எந்த மாதம் வரலாம், மருந்தாளர் உரிமத்தை மாற்றுவது கடினமா?

ஸ்குவாமிஷ், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து

நவம்பரில் வாருங்கள் தம்பி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மழையில் ஒரு மாதம் அவர் வீட்டுக்குள் இருந்து பார்க்கட்டும். வாடகை வீட்டில் சைக்கிள்களை உள்ளே வைக்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிலத்தடி வாகனத் தரிப்பிடங்களில் சைக்கிள் திருட்டு இங்கே வழக்கமான செய்தி. ஒரு மாகாணத்தில் உரிமம் பெற்ற மருந்தாளர் மற்ற மாகாணத்துக்கு மாறும்போது முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டியதில்லை; பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டவிதிகள் பற்றிய தேர்வை எழுத வேண்டும். மாகாண மருத்துவக் காப்பீடு தொடங்க, வந்து சேர்ந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரண்டு மாதங்களும் ஆகும். அதுவரை உங்கள் ஓஹிப் (ஒன்ராறியோ மருத்துவக் காப்பீட்டு) அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவர் உடனே கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். குடிவந்த வாரத்திலேயே மாகாணப் பதிவேட்டில் எல்லோருடைய பெயரையும் கொடுத்துவிடுங்கள், மாமியாருடையதை முதலில்.