புதுப்பிப்பு: மழையில் விழுந்த சுவரும் 'கடவுள் செயல்' வாதமும்

மழையில் மதில் இடிந்து பக்கத்து வீட்டு ஆட்டோ நசுங்கினால், 'கடவுள் செயல்' (யாரும் எதிர்பார்க்கவோ தடுக்கவோ முடியாத இயற்கை நிகழ்வு) என்று மதிலின் உரிமையாளர் தப்பிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இன்டர்ன்ஷிப்பில் சீனியர் வக்கீல் கொடுத்த வேலை அது. மெமோ (சட்டக் குறிப்பு) கொடுத்தாச்சு.

1876-இல் இங்கிலாந்தின் நிக்கோல்ஸ் எதிர் மார்ஸ்லாண்ட் வழக்கில் அந்த வாதம் எடுபட்டது; அது யாரும் கண்டிராத பெருமழை. ஆனால் கல்லுலால் எதிர் ஹேம்சந்த் வழக்கில் பெய்தது 2.66 அங்குலம். சுவர் விழுந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மழைக்காலத்தில் இவ்வளவு மழை எதிர்பார்க்கக்கூடியதுதானே என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் வாதத்தைத் தள்ளிவிட்டது.

சீனியர் மெமோவைப் புரட்டிவிட்டு, "சரிம்மா, அன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர்னு வானிலை மையத்துல வாங்கு" என்றார். டார்ட் (பிறருக்கு நேரும் தீங்குக்கு இழப்பீடு பற்றிய சட்டம்) வகுப்பில் மழைமானி பற்றி யார் சொன்னார்கள்!

அப்புறம், ஆட்டோ மேல் விழுந்த அந்தச் சுவரில் முன்பே விரிசல் இருந்ததா என்று முந்தைய பதிவில் கேட்ட அண்ணாவுக்கு: இருந்தது, போட்டோவும் இருக்கிறது.