கண்ணில் சிமெண்ட் பட்டது, ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது

தேன்மொழி:
நேற்று மாலை மேல்தளத்துக்குப் பூசும்போது என் தம்பியின் வலது கண்ணில் ஈரச் சிமெண்ட் கலவை விழுந்துவிட்டது. குழாயடியில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். இமையைப் புரட்டித் துகள்களை எடுத்தார்கள், லிட்டர் கணக்கில் சலைன் விட்டார்கள், நடுநடுவே ஒரு தாளை உள்ளே தொட்டுப் பார்த்தார்கள். இப்போது ஸ்டீராய்டு சொட்டு, ஆன்டிபயாடிக் சொட்டு, வைட்டமின் சி மாத்திரை. கண் முழுக்கச் சிவப்பு. கருவிழியை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அந்தப் பக்கம் தப்பிவிட்டதா? பார்வை இன்னும் மங்கல்தான்.

குமரன்:
சிமெண்ட் காரம்தானே? தண்ணீர் கலந்த வினிகர் விட்டால் சமன் ஆகிவிடாதா?

மலர் (கண் அவசரப் பிரிவு செவிலி):
குமரன், வினிகர் வேண்டவே வேண்டாம். அமிலமும் காரமும் சேர்ந்தால் சூடு கிளம்பும், அமிலம் தன் பங்குக்குப் புண்ணாக்கும். கழுவுவதுதான் சிகிச்சை. சலைன் கையில் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரே போதும், ஆனால் உடனே, குறைந்தது 15 முதல் 30 நிமிடம். அந்தத் தாள் பிஎச், அதாவது அமிலமா காரமா என்ற அளவு, பார்ப்பதற்கு. 7 முதல் 7.4க்குள் வரும்வரை கழுவுவதை நிறுத்த மாட்டோம். நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடியும் பார்ப்போம், இமைக்கு அடியில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் காரம் கசிந்துகொண்டே இருக்கும்.

தேன்மொழி, எனக்குக் கவலை அந்த வெள்ளைதான். சிவப்பு என்றால் அங்கே இரத்தம் ஓடுகிறது. வெளுத்துப்போன இடத்தில் நாளங்கள் அடைபட்டிருக்கலாம். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அவை அழிந்தால் கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய படலமும் இரத்தக் குழாய்களும் கருவிழிமேல் ஏறிவிடும். விளிம்பில் எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறது என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள், நாளைக்கு வைக்காதீர்கள். கார்னியா (கருவிழி) நிபுணர் பார்ப்பது நல்லது, புண் ஆற அம்னியான் சவ்வு (பனிக்குடத்தின் மெல்லிய சவ்வு) வைப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

வைட்டமின் சி, கருவிழிக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாக. ஸ்டீராய்டு முதல் வாரம், பத்து நாள் வீக்கத்தை அடக்கும். அப்புறமும் புண் ஆறாமல் அதைத் தொடர்ந்தால் கருவிழி மெலியலாம், அதனால் சொன்ன தேதியில் காட்டுங்கள். கண் அழுத்தமும் ஏறக்கூடும், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

தேன்மொழி:
நன்றி அக்கா, இப்போதே கிளம்புகிறோம். தம்பி வலி தாங்கவில்லை. அங்கே விட்ட மரத்துப்போகும் சொட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கலாமா?

மலர்:
கூடாதும்மா. அது பரிசோதனைக்கு மட்டும். தொடர்ந்து விட்டால் புண் ஆறவே ஆறாது. வலிக்கு மாத்திரையும் கண்பாப்பாவை (கண் நடுவில் உள்ள கறுப்புத் துளையை) விரிக்கும் சொட்டும் தருவார்கள், அதைக் கேளுங்கள்.