கூப்பிடாமலே பதிவு செய்யும் ஸ்மார்ட் ஸ்பீக்கர்: உதவி தேவை

மதுரையில் எங்கள் வீட்டில் இருப்பது திரை இல்லாத சிறிய ஸ்மார்ட் ஸ்பீக்கர். நடக்க முடியாத அப்பா விளக்கையும் மின்விசிறியையும் அதனிடம் சொல்லித்தான் இயக்குகிறார். தீபாவளிக்குப் பிறகு, யாரும் கூப்பிடாமலே அடிக்கடி விழித்துக்கொள்கிறது. செயலியில் குரல் பதிவுகளைத் திறந்தால், அப்பா மருத்துவரிடம் பேசியதுகூட இருக்கிறது. பதறிப்போனேன்.

எழுப்பும் பெயரைச் சாதனமே கண்டறிகிறது, அதன் பிறகுதான் பேச்சு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்பது தெரியும். அந்தப் பெயரைப் போல ஏதாவது ஒலித்தாலும் ஏமாந்துவிடுகிறது. டிவிக்கு அருகிலிருந்து நகர்த்தினேன், பெயரை மாற்றினேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மைக்கை அணைத்தால் அப்பாவுக்கு அதனால் பயனே இல்லை. பழைய பதிவுகளை அழித்துவிட்டேன். ஊழியர்கள் கேட்டுப் பார்ப்பதற்கான அனுமதியையும் நிறுத்திவிட்டேன். புதியவை 3 மாதத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன், ஆனால் அதுவரை அவை சர்வரில் கிடக்கின்றனவே! சாதனத்தை முழுமையாக ரீசெட் செய்தும் பார்த்தேன். கணக்கில் சேர்ந்த பதிவுகளை அது தொடவே இல்லை.

குரல் கட்டளை வேலை செய்ய வேண்டும், பதிவு மட்டும் எங்கும் சேமிக்கப்படக் கூடாது என்றால் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?