பாமினியில பிழைச்ச பட்டியலை போர்ட்போலியோவில வைக்கலாமா?

உப்புவெளிக்காரி:

நூலகத் தகவல் விஞ்ஞானத்தில முதுமாணி செய்யிறன், ஒன்லைனில. இப்ப கடைசிக் கட்டம். ஆய்வேட்டுக்குப் பதிலா போர்ட்போலியோ எண்டு தெரிவு செய்தது நான்தான், சுகமா இருக்கும் எண்டு நினைச்சு. பத்துத் தேர்ச்சி. ஒவ்வொண்டுக்கும் சான்று வைக்கவேணும், அந்த வேலையில என்ன விளங்கினது எண்டு ஒரு பக்கம் எழுதவேணும்.

திருகோணமலையில ஒரு லைப்ரரியில ஆறு வருசமா உதவியாளரா இருக்கிறன். படிப்பு முடிய உதவி நூலகர் பதவிக்கு விண்ணப்பிக்கிற எண்ணம். முதல் வரைவில பதினொரு பயிலரங்குச் சான்றிதழை ஸ்கேன் பண்ணி ஏத்தினன். மேற்பார்வையாளர் ஒரு வரியில திருப்பி அனுப்பிட்டா: "நீங்கள் கதிரையில இருந்தது தெரியுது, வேலை செய்தது தெரியேல்ல."

என்ர வேலையை ஆர் படம் எடுத்து வைச்சது? "மிஸ், அந்த நீல மட்டைப் புத்தகம்" எண்டு பிள்ளையள் கேக்கும், நான் எடுத்துக் குடுப்பன். அதுக்கு என்ன சான்று?

பட்டியலாக்கத்துக்கு மட்டும் பெரிசா ஒண்டு கிடக்கு. ஆனா அது நான் பிழை விட்ட கதை. பழைய தமிழ்ப் புத்தகங்களின்ர எக்செல் பட்டியல் ஒண்டை மார்க் (கணினி வாசிக்கிற நூலகப் பட்டியல் வடிவம்) பதிவாக்கி, கோஹா எண்ட லைப்ரரி மென்பொருளுக்குள்ள ஏத்தினன். எக்செல்ல வடிவான தமிழ். கோஹாவில பாத்தா ‘தமிழ்’ எண்ட சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டு இங்கிலீஸ் எழுத்தா நிக்குது. முழுக்கப் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது! அவதியில முழு ஷீட்டையும் யுனிகோட் மாற்றியில போட்டு திரும்ப ஏத்தினன். தலைப்புகள் சரி வந்தது. ஆனா ஐ.எஸ்.பி.என். எண்ட புத்தக அடையாள இலக்கத்தின்ர கடைசியில எக்ஸ் இருந்த புத்தகம் எல்லாத்திலயும் அந்த எக்ஸ் ‘ஓ’ ஆகிப் போச்சு. பாமினியில எக்ஸ் எண்டால் ஓ தானே. இங்கிலீசில இருந்த பதிப்பகப் பெயர்களைப் பற்றிக் கதைக்காமலே விடுறன்.

இதைக் காட்டினால் என்னை ஆர் வேலைக்கு எடுப்பினம்?

உவர்மலை அக்கா:

தங்கச்சி, இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. பட்டியலாக்கம் தெரியும் எண்டு ஆரும் எழுதலாம். மார்க்கில தலைப்புக்குரிய 245ஆம் புலம் சரியா வந்த பிறகும் ஐ.எஸ்.பி.என்.னுக்குரிய 020ஐத் திறந்து பாத்த ஆள் எண்டு நீங்கள் காட்டுறீங்கள்.

ஒழுங்கா அடுக்குங்கோ. முதல்ல பாமினி எக்செல்லின்ர ஒரு பக்கம். பிறகு கோஹாவில வந்த குப்பை. பிறகு ‘ஓ’ வந்த பதிவு, கடைசியா திருத்தினது. நாலு படம் காணும். எழுதுற பக்கத்தில மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. ஏன் நடந்தது எண்டு சொல்லுங்கோ: பாமினி இங்கிலீஸ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்தின எழுத்துரு, யுனிகோடில தமிழுக்கெண்டே தனிக் குறியீடுகள். அந்த எக்ஸ் என்னெண்டும் சொல்லவேணும். பத்து இலக்க ஐ.எஸ்.பி.என்.னில சரிபார்ப்பு இலக்கத்தை பதினொண்டால வகுத்துக் கணிக்கிறது, பத்து வந்தால் ஒரே இடத்தில எழுத ஏலாது, அதால எக்ஸ். இனி எந்த நிரலை மட்டும் மாற்றியில போடுவீங்கள் எண்டு எழுதினால் முடிஞ்சுது.

நீல மட்டைப் புத்தகத்தையும் விடாதேங்கோ. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கம் 2016இல ஏற்றுக்கொண்ட தகவல் எழுத்தறிவுச் (தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்துற திறன்) சட்டகத்தில ஆறு கருத்து இருக்கு. தேடல் எண்டது உத்தியோட செய்யிற ஆராய்ச்சி எண்டது அதில ஒண்டு. ஒரு கிழமைக்குக் கொப்பி ஒண்டில குறியுங்கோ: பிள்ளை என்ன கேட்டது, நீங்கள் திருப்பி என்ன கேட்டீங்கள், எதில போய் முடிஞ்சது. சண்முகத்தை ‘சன்முகம்’ எண்டு அடிச்சிட்டு "ஒண்டும் இல்லை மிஸ்" எண்டு வாற பிள்ளை உங்கட லைப்ரரிக்கும் வரும்தானே. பிள்ளையின்ர பெயர், பதிவிலக்கம் மட்டும் எங்கயும் வரக்கூடாது. ஸ்கிரீன்ஷொட்டில இரவல் விவரம் தெரிஞ்சால் வெட்டுங்கோ. அதைக் கவனிச்சதே வாசகர் அந்தரங்கத்துக்கு ஒரு சான்று.

நான் போன நேர்முகத்தில பைலை ஒருத்தரும் திறக்கேல்ல. "நீங்கள் விட்ட பிழை ஒண்டு சொல்லுங்கோ" எண்டு கேட்டவை. நான் முழிச்சன்.

டொக்யாட் றோட் பெடியன்:

அக்கா சொன்னது சரி, ஒண்டு மட்டும் சேர்க்கிறன். கம்பஸ் டிரைவ் லிங்க்கை நம்பாதேங்கோ. எனக்குப் படிப்பு முடிஞ்சு மெயில் கணக்கு நிண்டதோட எல்லாம் போச்சு, விண்ணப்பத்தில குடுத்த லிங்க் வெறும் பக்கம். எல்லாத்தையும் பிடிஎஃப்-ஏ ஆக்கி உங்கட கையில வைச்சிருங்கோ. நீண்டகாலக் காப்புக்கெண்டே வந்த வடிவம், எழுத்துருவும் கோப்புக்குள்ளயே கிடக்கும். பாமினிக் கதைக்குப் பொருத்தம்தானே 😀

தமிழ்ச் சான்றை முழுக்க மொழிபெயர்க்கத் தேவையில்லை. இது என்ன, ஆருக்காகச் செய்தது, இதில உங்கட பங்கு எது எண்டு மேல அஞ்சு வரி இங்கிலீசில போட்டால் பரீட்சகருக்கு விளங்கும்.

உப்புவெளிக்காரி:

அக்கா, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. பழைய பென் டிரைவில ‘புதுப்பட்டியல்_கடைசி_2’ எண்டு முதல் எக்செல் அப்பிடியே கிடக்கு. நல்ல காலம் அழிக்கேல்ல.

இன்னொரு சந்தேகம். சேர்க்கை அபிவிருத்தி எண்ட தேர்ச்சிக்கு, அதாவது எந்தப் புத்தகத்தைச் சேர்க்கிறது, எதைக் கழிக்கிறது எண்டதுக்கு, என்னட்ட கிடக்கிறது மார்கழி மழைக்குப் பூஞ்சணம் பிடிச்ச புத்தகங்களைக் கழிச்ச ஒரு கையெழுத்துப் பட்டியல்தான். அது காணுமா?

உவர்மலை அக்கா:

காணும். கழிச்சதை விட, பூஞ்சணம் பிடிச்சும் எதைக் கழிக்காமல் வைச்சீங்கள், ஏன் எண்டு எழுதுங்கோ.

உப்புவெளிக்காரி:

ரெண்டு வைச்சனான். ரெண்டும் இந்த ஊரில அச்சடிச்சது, வேற பிரதி எங்கட்ட இல்லை. மொட்டை மாடியில வெயில் படாமல் காத்தாட வைச்சு, தூரிகையால தட்டி எடுத்தது.

இண்டைக்கு கோஹாவில தேடிப் பாத்தன். இன்னும் ஏழு ‘ஓ’ கிடக்கு. படம் எடுத்திட்டுத்தான் திருத்துவன்.