மறு: டொர்னேடோவுக்குத் தமிழ்ச்சொல் – 'சூறாவளி' போதாதா?

நண்பர்களே,

சூறாவளிக்கு ஏற்கெனவே வேலை அதிகம். இலங்கையில் புயலுக்கே அதுதான் பெயர். தேர்தல் வந்தால் தலைவர்களின் சுற்றுப்பயணமும் சூறாவளிதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்கில் சுற்றும் புயலையும், பெரும்பாலும் பத்து நிமிடம்கூட நிற்காத இந்த டொர்னேடோ ஆசாமியையும் ஒரே பெயரில் கூப்பிட வேண்டாம்.

'சுழல்காற்று' என்றால், வெயிலில் புழுதியும் காகிதமும் தூக்கிக்கொண்டு ஆடுமே, அந்தக் குட்டிச் சுழல்தான் நினைவுக்கு வரும். அது சூடான தரையிலிருந்து எழும்புவது; மேலே மேகம் வேண்டாம். டொர்னேடோவுக்கு மேலே இடிமேகம் வேண்டும், கீழே தரையையும் தொட வேண்டும். தொடாமல் தொங்கினால் வெறும் புனல் மேகம். (புனல் என்றால் நீரும்தானே என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

என் பரிந்துரை: சுழல்கால். பழந்தமிழில் கால் என்றால் காற்று. பந்தல்கால் என்னும்போது தூண். அப்புறம், தரையில் ஊன்றுவதும் கால்தான். மூன்றும் பொருந்துகின்றன. வினைத்தொகை என்பதால் 'சுழற்கால்' என்று திருத்த யாரும் வர வேண்டாம்.

டொர்னேடோவின் குணமும் விசித்திரம். வலிமைக்கு மதிப்பெண் போடுவது அது போன பிறகு, எதை உடைத்தது என்று பார்த்துத்தான். வானிலை ஆய்வாளர் ஃபுஜிட்டா 1971-இல் கொண்டுவந்த முறை. 2007 முதல் திருத்திய வடிவில் 0 முதல் 5 வரை. 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து எல் ரீனோவில் வந்தது 4.2 கி.மீ. அகலம், பதிவானவற்றிலேயே பெரியது. ரேடாரில் காற்றின் வேகம் மணிக்கு 450 கி.மீ.க்கு மேல். போன வழி பெரும்பாலும் வயல்வெளி, உடைக்கக் கட்டடம் போதவில்லை. 3 தான் கிடைத்தது!

*

ஐயா,

விளக்கம் அருமை. ஆனால் 'சுழல்கால் வருகிறது' என்று அறிவித்தால் சனங்கள் எலும்பு மருத்துவரைத் தேடுவார்கள். எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் நடுவே கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் அகராதி புரட்ட முடியாது. அமெரிக்க வானிலைத் துறையோ, மக்கள் பீதியடைவார்கள் என்று 1938 வரை முன்னறிவிப்பில் டொர்னேடோ என்ற சொல்லையே தவிர்த்தது. நமக்கு அந்த நிலை வேண்டாம், கேட்டதும் ஓட வைக்கும் சொல் வேண்டும். 'சுழல்தூண்' என்று வைத்தால் என்ன?

*

தூண் நின்ற இடத்தில் நிற்கும். 1925 மார்ச் 18-இல் 695 பேரைப் பலிகொண்ட டொர்னேடோ, மிசூரியில் தொடங்கி இல்லினாய் வழியாக இண்டியானா வரை ஏறக்குறைய 350 கி.மீ. ஓடியது. தூண் ஓடாது, கால் ஓடும்.

மருத்துவர் பயம் நியாயமானது. பாடநூலில் 'சுழல்கால்', எச்சரிக்கையில் 'சுழல்கால் காற்று' என்று போடலாம். 'கேட்டுவாசல்' மாதிரி ஒரே பொருள் இரண்டு தடவை வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். முதலில் ஆள் தப்பட்டும், இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.