பெட்டியின் பின்மூலை சேரவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை

கேள்வி:
இரண்டு மாதமாகத் தினமும் கோடு, நீள்வட்டம், பெட்டி என்று பேனாவில் பயிற்சி செய்கிறேன். நேர்க்கோடு ஓரளவு கைக்கு வந்துவிட்டது. நீள்வட்டத்தின் இரண்டு முனையும் இலை நுனி மாதிரி கூராகிவிடுகிறது. பெட்டிதான் பெரிய தலைவலி. கண்ணுக்குத் தெரியும் மூன்று முகமும் சரியாகவே இருக்கும். மறைந்த விளிம்புகளையும் போட்டால் கடைசி மூலையில் மூன்று கோடும் ஒன்று சேராது. சில பெட்டி பின்னால் போகப் போக அகலமாகவும் ஆகிறது. ஸ்கேல் வைத்து வரையலாமா?

பதில் 1:
வரைவதற்கு ஸ்கேல் வேண்டாம், சோதிப்பதற்கு எடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் வேறு நிறப் பேனாவால் ஒவ்வொரு விளிம்பையும் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். பெட்டிக்கு 12 விளிம்பு. நாலு நாலாக மூன்று கூட்டம். ஒரு கூட்டத்தின் நான்கு கோடும் ஒரே மறையும் புள்ளியை (பின்னால் போகும் இணைகோடுகள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல் தெரியும் இடம்) நோக்கிப் போக வேண்டும்.

நாம் பக்கத்துக் கோட்டை மட்டும் பார்த்து அடுத்ததைப் போட்டுவிடுகிறோம். அதனால் கோடுகள் இரண்டிரண்டாக ஒத்துப்போகும், நான்கும் ஒத்துப்போகாது. முதலில் விட்ட சின்னச் சின்னப் பிசகெல்லாம் கடைசியில் பின்மூலையில் வந்து குவியும். அங்கே கோட்டை வளைத்து ஒட்டவைக்காதீர்கள், பிசகு தெரியட்டும்.

அருகில் உள்ள மூலையில் மூன்று கோடு போட்டதும், மற்ற மூலைகளுக்கு வெறும் புள்ளி வையுங்கள். நான்கு கோடும் எங்கே போகும் என்று பார்த்துப் புள்ளியை நகர்த்துங்கள், அப்புறம் கோடு. பின்னால் அகலமாவது கோடுகள் விரிந்து போவதால்தான். சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே நெருங்கவிடுங்கள்.

பதில் 2:
நீள்வட்டத்துக்கு நான் சொல்கிறேன். முனையில் கை தயங்கித் திரும்பினால் கூராகும். மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து சுற்றுங்கள். பேனா தாளில் படாமல் காற்றில் இரண்டு மூன்று சுற்று, அதே வேகத்தில் இறக்கி நிறுத்தாமல் இரண்டு சுற்று. பிறகு குறுகலான பக்கமாக நடுவில் ஒரு கோடு போடுங்கள், அதுதான் குற்றச்சு. அதன் மேல் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்த வேண்டும். உருளை வரையும்போது இந்தக் கோடு உருளையின் நடு அச்சோடு ஒன்றிப் போகும்; உருளை படுத்திருந்தாலும் அப்படித்தான்.

ஒரு டம்ளரைக் கண்மட்டத்தில் பிடியுங்கள்: வாய் ஒரே கோடாகத் தெரியும். மெல்ல இறக்குங்கள், வாய் திறந்துகொண்டே வரும். கண்மட்டத்துக்குக் கீழே நிற்கும் டம்ளரில் வாயைவிட அடிவட்டம் சற்று உருண்டையாக இருப்பது இதனால்தான். பத்து நிமிடம் இதைப் பார்த்துவிட்டு வரைய உட்காருங்கள்.

கேட்டவர்:
பத்துப் பெட்டிக்கு நீட்டிப் பார்த்தேன். ஏழில் பின்மூலைக்குப் போகும் கோடுதான் தனியாக விலகியிருந்தது! மிக்க நன்றி. இன்னொன்று: தாளில் இரண்டு மறையும் புள்ளி குறித்துக்கொண்டு வரைந்தால் ஓரத்துப் பெட்டிகள் இழுத்துவிட்ட மாதிரி தெரிகின்றன.

பதில் 1:
புள்ளிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. புள்ளியை நெருங்க நெருங்கப் பெட்டி நீண்டு கோணலாகத் தெரியும். தாண்டிப் போனால் முன்மூலை கத்திமுனை ஆகிவிடும். தாளின் இரு பக்கமும் வேறு தாள் ஒட்டி, புள்ளிகளை வெளியே தள்ளிவைத்து நடுப்பகுதியில் மட்டும் வரையுங்கள். அதே பத்துப் பெட்டியை அப்படிப் போட்டுக் காட்டுங்கள், பார்க்கலாம்.