'மெயில்-இன் ரிபேட்': அஞ்சல்வழித் தள்ளுபடியா, கோரல் கழிவா?

அன்புடையீர்,

நம் வணிகவியல் கலைச்சொல் பட்டியலில், முழு விலைக்கு வாங்கியபின் அஞ்சலில் விண்ணப்பித்து ஒரு பகுதிப் பணத்தைத் திரும்பப் பெறும் 'மெயில்-இன் ரிபேட்' என்பதற்கு 'அஞ்சல்வழித் தள்ளுபடி' என முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தள்ளுபடி என்றால் விலையை அப்போதே குறைப்பது என்றுதான் சென்னையில் எவரும் பொருள்கொள்வர். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் 30 விழுக்காடு தள்ளுபடி தருகிறது என்றால், பில்லிலேயே அதைக் கழித்து மீதத்தைத்தான் வாங்குகிறார்கள். கதர்க் கடைகள் இதே உடனடிக் குறைப்பை 'ரிபேட்' என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருப்பதால், இங்கு நாம் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வளர்ந்த வழக்கம் முற்றிலும் வேறு. வாங்குபவர் முழு விலையையும் கடையில் செலுத்திவிட்டு, பெட்டியிலிருந்து பார்கோடை வெட்டியெடுத்து, ரசீதையும் நிரப்பிய படிவத்தையும் சேர்த்துக் கெடுவுக்குள் அஞ்சலில் அனுப்ப வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகே காசோலை வரும். கடையிலேயே குறைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் உற்பத்தியாளர் மொத்த விலையைக் குறைத்தால், அந்தக் குறைப்பைக் கடைக்காரர் வாங்குபவருக்குக் கொடுப்பார் என்பதற்கு உறுதியில்லை. காசோலையோ நேரே வாங்குபவர் கைக்குப் போகிறது, அவருடைய முகவரியும் நிறுவனத்துக்குக் கிடைக்கிறது. அச்சிட்ட விலை இறங்காததால், சலுகை முடிந்ததும் விலையை ஏற்றிய பழியும் வராது. இவற்றைவிட முதன்மையான காரணம் ஒன்று உண்டு. பணத்தைப் பெரிதாகக் கருதுபவர் படிவம் நிரப்பும் சிரமத்தை ஏற்பார். மற்றவர் முழு விலையோடு நின்றுவிடுவார். இவ்வாறு ஒரே பொருளை இரு விலைக்கு விற்க முடிகிறது. அனுப்பியே தீர்வது என்று எண்ணி வாங்கியவர்களிலும் பலர் மறந்துவிடுகிறார்கள், அல்லது கெடுவைத் தவறவிடுகிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட குறைந்த விலை எல்லோரையும் அழைத்து வருகிறது. பணமோ சிலருக்கு மட்டுமே திரும்புகிறது. இது நேர்மையான முறை என்று நான் கருதவில்லை. வாடிக்கையாளரின் மனக்கசப்பு கடையின் மீதே விழுந்தது. அமெரிக்க மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனமான பெஸ்ட் பை 2005இல் இம்முறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தது.

எனவே, இம்முறையின் உயிர்நாடி கோருதலில் இருக்கிறது, அஞ்சலில் இல்லை. இன்று ரசீதை இணையத்தில் பதிவேற்றச் சொன்னாலும் முறை மாறுவதில்லை. காலத்தாழ்வும் அதன் அடையாளம் ஆகாது. 2015 தொடக்கத்திலிருந்து நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த சமையல் எரிவாயு நேரடி மானியத்தை எண்ணிப் பாருங்கள்: சிலிண்டருக்கு முழு விலையையும் கொடுத்தோம், மானியம் பின்னர் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஆனால் ஒருமுறை கணக்கை இணைத்துவிட்டால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியே கேட்க வேண்டியிருக்கவில்லை; மறதியால் இழப்பதற்கும் இடமிருக்கவில்லை. 'பின்தள்ளுபடி' என்ற மற்றொரு பரிந்துரை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆகவே பொதுச்சொல்லாகக் 'கோரல் கழிவு' என்பதையும், அஞ்சலைச் சுட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 'அஞ்சல்வழிக் கோரல் கழிவு' என்பதையும் முன்வைக்கிறேன். கழிவு என்றால் குப்பை நினைவுக்கு வராதா என்று சிலர் தயங்கலாம். புத்தக விற்பனையில் இச்சொல் விலைக்குறைப்பைக் குறிக்கப் பழகியதுதான். இலங்கைத் தமிழர் அன்றாடக் கடைப் பேச்சிலும் இப்பொருளில் வழங்குகிறார்கள்.

இதனோடு இரு துணைச்சொற்களும் தேவைப்படும். விண்ணப்பிக்காமல் விடப்படுவதால் நிறுவனத்திடமே தங்கிவிடும் 'பிரேக்கேஜ்' தொகையை, வங்கிகளின் 'உரிமை கோரப்படாத வைப்புத்தொகை' என்ற வழக்கையொட்டிக் 'கோராக் கழிவு' எனலாம். காசோலை வந்தும் பணமாக்கப்படாமல் போகும் 'ஸ்லிப்பேஜ்' என்பதற்கு 'மாற்றாக் காசோலை' என்று எழுதிப் பார்த்தேன். அது தொகையைக் குறிக்காமல் தாளைக் குறிப்பதால் எனக்கே நிறைவாக இல்லை. கணக்குப்பதிவியல் அறிந்த உறுப்பினர்கள் பொருத்தமான சொல்லைத் தந்தால், மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.